சிமியோன் சொன்ன மூன்று ஓம்

அத்தியாயம் 11

மியூரியல் ரீச்சரின் கைப்பை 'டக்' என்று மூடிய சத்தத்தோடு போன கிழமை நிறுத்தியிருந்தோம். அந்தச் சத்தம் உடுவிலில் கேட்டு, நல்லூரில் புறாக்கள் பறந்ததாகச் சொல்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

பைக்குள் போனது, கோயிலுக்குக் கொடுக்கவேண்டிய ஒரு சம்மதக் கடுதாசி. அதில் ரீச்சரின் தம்பி டானியல் கையெழுத்து வைத்தால் அவருக்குக் கலியாணம். வைக்காவிட்டால் ஆயுள் முழுவதும் அக்கா.

ஐம்பத்திரண்டு வயதில், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கிற டானியல் கனகரட்ணத்துக்கு ஆசை வந்த இடம் சங்குமுனைத் தபால் கந்தோர். அங்கே முத்திரை விற்கிறவள் பெர்னடெட். நாலு வருடமாகச் சனிக்கிழமை தோறும் "மீன் வாங்கிக்கொண்டு வாறன் அக்கா" என்று பதினொரு மைல் சைக்கிள் மிதித்துப் போய் ஒரு முத்திரை வாங்கினார். இருநூறு முத்திரை சேர்ந்துவிட்டது. கடிதம் எழுதத்தான் அவருக்கு உலகத்தில் ஒருவரும் இல்லை. ரீச்சரும் நாலு வருடமாகச் சனிக்கிழமை மீனை முள் எடுத்துச் சாப்பிட்டார். அதெல்லாம் காதல் மீன் என்று தெரிந்திருந்தால் தொண்டையில் சிக்கியிருக்கும்.

இவர் புரொட்டஸ்தாந்து, அவள் கத்தோலிக்கம். அதற்கும் ஆயரின் அனுமதி வந்துவிட்டது. மிச்சம் ஓலைதான். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெயர்களை வாசித்து, தடை உண்டோ என்று ஊரைக் கேட்பார்கள். தவக்காலம் தொடங்குமுன் மூன்று ஓலையும் முடியவேண்டுமென்றால் முதலாவதை நாளைக் காலையே வாசிக்கவேண்டும். தவறினால் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கவேண்டும். அதுவரை அக்காவோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால் தன் மனம் மாறிப்போகும் என்பது டானியலுக்கே நன்றாகத் தெரியும்.

கடுதாசியைப் பைக்குள் வைத்த ரீச்சர் ஒரு நிபந்தனை போட்டார்.

"சிமியோன்ரை மகளை முடிக்கப்போறாய். நல்லது. சிமியோன் உன்ரை காதைச் சுட்ட இடத்திலை வந்து நில். அங்கை நிண்டு என்ரை முகத்தைப் பாத்து ஓம் எண்டு சொல்லு. கடுதாசியும் தாறன், பேனையும் தாறன்."

அந்த இடம் சங்குமுனை வெளிச்சவீடு. முன்னொரு காலத்தில் சிமியோன் அங்கே சின்னக் காவலாளி.

1983ஆம் ஆண்டு தை மாதச் சனிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி. கார்க்காரக் கதிரவேலுவின் மொறிஸ் மைனர் இருமிக்கொண்டு வந்து வெளிச்சவீட்டு வாசலில் நின்றது.

முதலில் இறங்கியது ரீச்சரின் குடை. பிறகு கறுப்புச் சப்பாத்து. பிறகு அறுபது வயதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையுமாக ரீச்சர். அவர் ஒரு பிள்ளையை நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் அடிக்கும். உடுவிலில் டொக்டர்மார் அவரை நம்பித்தான் வீடு கட்டினார்கள்.

கடைசியாக டானியல் இறங்கினார். இடது காதைச் சட்டைப்பை லேஞ்சியால் மூடிக்கொண்டிருந்தார். காற்றடித்தால் அப்படித்தான். அந்தக் காது காய்ந்த இலை போலச் சுருங்கியிருக்கும்.

பெர்னடெட் வாசலில் நின்றாள். நாற்பத்தைந்து வயது, நீலச் சேலை. பக்கத்தில் அவளுடைய அண்ணன் லியோன். இப்போது அங்கே காவலாளி அவன்தான்.

"வாங்கோ ரீச்சர். தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறுவம்" என்றாள் பெர்னடெட்.

"வேண்டாம். தேத்தண்ணி குடிக்கப் போய்த்தானே உங்கடை தகப்பன் திரையை மறந்தவர்."

இறங்கி அரை நிமிடம் ஆகவில்லை. முதல் குத்து. ரீச்சருக்குக் கை சூடேற நேரம் தேவையில்லை.

பெர்னடெட் சிரித்தாள். 'திரைச் சிமியோன்ரை பெட்டை' என்று ஊர் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுக்கு அந்தச் சொல்லில் தோல் தடித்துவிட்டது. பேசிவந்த இரண்டு கலியாணங்கள் அந்தப் பட்டப்பெயரில் இடறி விழுந்தன. மூன்றாவதுதான் லேஞ்சியும் கையுமாக நிற்கிறது.

"ரீச்சர் முந்தி மேலை ஏறியிருக்கிறியளோ?" என்று லியோன் கேட்டான்.

"ஒருநாளும் இல்லை. பப்பா இஞ்சை பெரிய காவலாளி. பொம்பிளைப் பிள்ளையள் முதல் படியிலை கால் வைச்சாலே அடிப்பார். நான் கீழை குவாட்டர்சிலை இருந்து படிச்சனான். அதாலைதான் ஆளாய் வந்தனான்."

ஏறினார்கள். நூற்றுப்பன்னிரண்டு படி. ஆயிரத்து நூற்றுப்பன்னிரண்டு என்று டானியல் சத்தியம் பண்ணுவார். லியோன் முன்னால் போய்க்கொண்டே கதை சொன்னான். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கோபுரத்தை எழுப்பப் பதின்மூன்று மாதம் பிடித்ததாம். மேலே இருக்கிற பெரிய கண்ணாடி கடல் கடந்து, வைக்கோல் சுற்றிய பதினொரு பெட்டியில் வந்ததாம். துறையிலிருந்து இங்கே கொண்டுவர வண்டில்மாடுகளுக்கு மணி கட்ட விடவில்லையாம். மணி அதிர்ந்தால் கண்ணாடி வெடிக்கும் என்று துரை பயந்தாராம்.

"இரவிலை உந்தக் கண்ணாடி ஒரு சின்ன விளக்கைப் பதினைஞ்சு மைலுக்கு எறியும். பகலிலை அதே கண்ணாடி சூரியனைப் பிடிச்சு உள்ளுக்கு எறியும். அதாலைதான் விடிஞ்சவுடனை சுத்திவரத் திரை இழுக்கிறது. இழுக்காட்டி விளக்கடியிலை இருக்கிறது எல்லாம் பத்தும்."

"அதை உங்கடை தகப்பனுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?" என்று ரீச்சர் மூச்சு வாங்காமல் கேட்டார். குத்துவதற்கென்று ஒரு தனி மூச்சு அவரிடம் எப்போதும் இருப்பில் இருக்கும்.

எழுபதாம் படியில் லியோன் நின்றான்.

"சொல்லிக் குடுத்தது. முப்பத்திநாலாம் ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை திரையை இழுத்துப்போட்டுத்தான் கீழை இறங்கினனான் எண்டு அப்பு சாகுமட்டும் சொன்னவர். ஏறி வரேக்கை திரை திறந்து கிடக்கு. எண்ணெய்த்துணி எரியுது. மூண்டு வயதுப் பிள்ளை மேலை நிண்டு கத்துது. உங்கடை பப்பா பின்னாலை ஓடிவந்து கையாலை அடிச்சு நெருப்பை நூத்தவர்."

டானியலின் கை தானாகக் காதுக்குப் போனது.

"அடுத்த நாள் துரை விசாரிக்க வந்தார். உங்கடை பப்பா கையிலை கட்டோடை ஆஸ்பத்திரியிலை. அப்புவுக்கு இங்கிலீசு தெரியாது. துரைக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சது ஒரே ஒரு ஆளுக்கு."

"எனக்கு" என்றார் ரீச்சர் பெருமையாக. "பதினொரு வயது. துரையே பாராட்டினவர், என்ன இங்கிலீசு எண்டு."

"நீங்கள் அப்புவிட்டை மூண்டு கேள்வி கேட்டியளாம். சுகமோ எண்டு துரை கேக்கிறார் எண்டியள். ஓம் ஐயா எண்டார். வெளிச்சவீட்டு வேலை விருப்பமோ எண்டியள். ஓம் ஐயா எண்டார். துரையை நல்ல மனிசன் எண்டு நினைக்கிறீரோ எண்டியள். ஓம் ஐயா எண்டு கையெடுத்துக் கும்பிட்டார். மூண்டு ஓமையும் துரை எழுதிக்கொண்டு போட்டார்."

பெர்னடெட் மீதியைச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"இரண்டாம் நாள் ஒரு கடுதாசி வந்தது. பரிசு எண்டு நினைச்சு அப்பு அதை மாதா படத்தடியிலை வைச்சு மெழுகுதிரி கொளுத்தினார். இரண்டு கிழமை கொளுத்தினார். பேந்துதான் ஆரோ வாசிச்சுச் சொன்னவை, வேலையாலை நிப்பாட்டின கடுதாசி எண்டு. அந்த மூண்டு ஓமும் எங்கை போனது எண்டு கேட்டுக் கேட்டே மனிசன் செத்தது."

"நான் உள்ளதைத்தான் சொன்னனான்" என்றார் ரீச்சர். "ஏறுங்கோ. கடுதாசிக்கு மெழுகுதிரி கொளுத்தின பரம்பரையிலை பெண் எடுக்கிறாய் தம்பி. வடிவாய்க் கேட்டுக்கொள்."

டானியல் கேட்டுக்கொண்டார். ஐம்பத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். அரைக் காதை வைத்துக்கொண்டு முழுநேர வேலை.

மேலே, விளக்கறைக்கு இரும்புக் கதவு. கட்டிய நாளிலிருந்து இருக்கிற அதே கதவு. லியோன் பிடியைத் திருகித் தள்ளினான். அசையவில்லை. தோளைக் கொடுத்தான். அசையவில்லை.

"இருங்கோ, உப்புக்காத்துக்கு இறுகிப்போச்சு. எண்ணெய் எடுத்துக்கொண்டு வாறன்."

ரீச்சருக்குப் பொறுமை என்பது பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்குப் படிப்பிக்கிற பாடம்.

"தள்ளும் அங்காலை! ஒரு கதவு திறக்கத் தெரியாது, காவலாளியாம்!"

பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கினார். கறுப்புச் சப்பாத்தின் நுனியால் கதவின் இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரு உதை விட்டார். கதவு வெண்ணெய் போலத் திறந்தது.

ரீச்சர் உள்ளே போய்விட்டார். மற்ற மூன்று பேரும் வெளியிலேயே நின்றார்கள்.

லியோன் மெல்லக் கேட்டான். "ரீச்சர், உந்த உதையைப் பழக எனக்கு மூண்டு மாசம் பிடிச்சது. இண்டைக்கு வேணுமெண்டுதான் உதைக்காமல் நிண்டனான். நீங்கள் ஒருநாளும் ஏறேல்லை எண்டியள்?"

ரீச்சர் திரும்பினார். முகம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சுண்ணாம்பு பூசியது போல் ஆயிற்று.

"பப்பா சொன்னவர்."

"மேலை நடக்கிறதைப் பப்பா வீட்டிலை மூச்சுவிடமாட்டார் எண்டு நீங்கள்தானே அக்கா சொல்லுவியள்" என்றது ஒரு குரல்.

யாருடைய குரல் என்று எல்லோரும் தேடினார்கள். டானியலுடையது. அக்கா சொன்னதில் அவர் பிழை பிடித்த முதலாவது நாள் அது. சரித்திரக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அவர் உள்ளே வந்தார். நடுவில் ஆளுயரக் கண்ணாடி, சுற்றிவரக் காக்கித் திரை. திரையில் ஒரு கீறல். அதனூடாக ஒரு விரல் அகல வெயில் வந்து, கண்ணாடியின் விளிம்பில் பட்டு உடைந்து, ரீச்சரின் வெள்ளைச் சேலையில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சிந்திக் கிடந்தது.

டானியல் அதையே பார்த்தார்.

அவருக்கு ஒரு கனவு வரும் என்று முன்னமே சொல்லியிருக்கிறோம். வெள்ளைச் சட்டையில் வானவில் ஓடும். அவர் சிரித்துக்கொண்டே அதைப் பிடிக்கப் போவார். பிறகு விழித்துவிடுவார். அது மோட்சம் என்று நினைத்திருந்தார். பாதிரியாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். அவரும் சந்தோஷப்பட்டார்.

"அக்கா" என்றார் டானியல். "அது உங்கடை சட்டை."

அவர் ஒரு அடி கிட்ட வந்தார்.

"நீங்கள் என்னை இடுப்பிலை தூக்கிக்கொண்டு வந்தனீங்கள். நீங்கள்தான் திரையைத் திறந்தது."

இன்னொருவராக இருந்தால் அழுதிருப்பார். மயங்கி விழுந்திருப்பார். மியூரியல் ரீச்சர் கைப்பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார்.

"ஓம். நான்தான். அதுக்கென்ன இப்ப?"

பெர்னடெட் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பதினொரு வயது. புதுச் சட்டை. நிறத்தைப் பாத்தால் தம்பி சிரிப்பான் எண்டு திறந்தனான். சிரிச்சான். பேந்து கத்தினான்." அந்த இடத்தில் மட்டும் குரல் ஒருதரம் இடறியது. உடனே நிமிர்ந்தது. "ஆக்கள் ஏறி வரேக்கை கதவுக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு இறங்கியிட்டன். அடுத்த நாள் துரை மீசையை முறுக்கிக்கொண்டு முன்னாலை நிக்கிறார். திரையை மறந்தவரோ எண்டு அவர் கேட்டதுக்கு, சிமியோன் வேறை எதுக்கோ சொன்ன ஓமைக் குடுத்தன். நான் என்ன செய்ய? சிமியோனுக்கு என்ன, கடல் இருந்தது, மீன் இருந்தது. எனக்கு உவன்ரை காதுதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் காலமை அதுக்கு எண்ணெய் பூசினது ஆர்? வந்த மூண்டு கலியாணத்தையும் உந்தக் காதைப் பாத்துத்தானே தள்ளினனான்!"

"எனக்கு வந்ததையும் நீங்கள்தானே தள்ளினது" என்றார் டானியல். "உந்தக் காதோடை ஒருத்தியும் உன்னைப் பாக்கமாட்டாள் எண்டு."

"பொய்யோ? உவளை விட ஆர் பாத்தது? உவளுக்கும் ஆள் கிடைக்காமல்தானே பாத்தவள்!"

பெர்னடெட்டுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அவள் டானியலைப் பார்த்தாள். இந்த இடத்தில் ஒரு ஆண்பிள்ளை ஏதாவது சொல்வான்.

டானியல் கையை நீட்டினார். "கடுதாசியைத் தாருங்கோ அக்கா."

"தரமாட்டன்."

"ஓம் எண்டு சொன்னால் தாறன் எண்டனீங்கள்."

"நீ இன்னும் சொல்லேல்லையே!"

டானியல் வாயைத் திறந்தார். அக்கா அவருடைய முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன் ஓம் என்ற அந்த இத்தனூண்டுச் சொல் தொண்டைக்குள் நண்டு போலப் பக்கவாட்டாக நடந்து ஒளித்துக்கொண்டது.

சொல் வரவில்லை. ஆனால் கால் வந்தது. அவர் வெளியே போனார். லியோனும் பெர்னடெட்டும் பின்னால் வந்ததும், இரும்புக் கதவைப் பிடித்து ஒரே இழுவை. படார்.

"ஐயோ அத்தான்! உள்பக்கம் பிடி இல்லை! வெளியாலை உதைச்சால்தான் திறக்கும்!" என்று லியோன் பதறினான். கலியாணம் முடியுமுன்னே அத்தான் முறை வந்துவிட்டது.

"தெரியும்" என்றார் டானியல். "இப்பத்தானே பாத்தனான்."

நூற்றுப்பன்னிரண்டு படியையும் ஒரு இளந்தாரி போல இறங்கினார். முற்றத்து வெயிலில் நின்று நெஞ்சை நிமிர்த்தினார். லேஞ்சியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கடுதாசி அக்காவின் பையில். பை மேலே.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உச்சியில், மேற்குப் பக்கத் திரை மெல்ல விலகியது. கண்ணாடி சூரியனைப் பிடித்துப் பளீரென்றது. பொன்னிறமான, அழகான, கொடூரமான ஒரு பளீர். கொஞ்ச நேரத்தில் மேல் துவாரத்திலிருந்து நூல் போலப் புகை வந்தது. பிறகு, பூப்போலக் கறுத்த சாம்பல் துண்டுகள் சுழன்று சுழன்று இறங்கின. ஒன்று பெர்னடெட்டின் தோளில் வந்து அமர்ந்தது.

வேலை முடிந்ததும் திரை திரும்ப ஒழுங்காக மூடப்பட்டது. ரீச்சர் அல்லவா. ஒரே பிழையை இரண்டுதரம் விடமாட்டார்.

பெர்னடெட் தோளிலிருந்த சாம்பலைத் தட்டினாள்.

"கடுதாசி போனால் போகட்டும். நேற்றே பங்குச் சாமியைக் கேட்டனான். இரண்டு சாட்சிக்கு முன்னாலை வாயாலை ஓம் எண்டாலும் காணும், நாளைக்கு ஓலை வாசிக்கிறன் எண்டவர். அண்ணை நிக்கிறார். கார்க்காரரும் நிக்கிறார்." அவள் டானியலுக்கு முன்னால் வந்து நின்றாள். "இருநூறு முத்திரை வாங்கினனீங்கள். ஒரு சொல்லுத்தான் கேக்கிறன். என்னை முடிக்கச் சம்மதமோ?"

கதிரவேலு பீடியைக் கீழே போட்டு மிதித்தார். லியோன் மூச்சைப் பிடித்தான். கடல்கூடக் கொஞ்சம் உள்வாங்கியது என்றே சொல்லவேண்டும்.

டானியல் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது. வருகிறது, வருகிறது.

"தம்பீ!"

மேல் துவாரத்தினூடாக அக்காவின் குரல் விழுந்தது. வழமையான குரல். சோறு போட்டாயிற்று, குளிக்கத் தண்ணி வைத்தாயிற்று என்கிற குரல்.

"ஓம் அக்கா!"

சொல்லிவிட்டார். அவர் சொல்லவில்லை. ஐம்பது வருடம் அவருக்குள் இருந்து சொல்லியது.

"கதவைத் திற!"

டானியலின் கால் படியை நோக்கித் திரும்பிவிட்டது. முதல் படி, இரண்டாம் படி. ஒருதரம் திரும்பிப் பார்த்து, "பொறும் பெர்னடெட், திறந்துவிட்டிட்டு வந்து சொல்லுறன்" என்றார். பிறகு வளைவுக்குள் மறைந்து போனார். சப்பாத்துச் சத்தம் மேலே மேலே போயிற்று.

பெர்னடெட் அழுவாள் என்று கதிரவேலு எதிர்பார்த்தார். லியோனும் எதிர்பார்த்தான்.

அவள் லியோனின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். கீழ்க் கதவைச் சாத்தினாள். சாவியை ஒருதரம் சுற்றினாள். இன்னொருதரமும் சுற்றினாள்.

"அண்ணை, நீங்கள் கேட்டனீங்கள்தானே? இவர் ஓம் எண்டவர்."

லியோன் விழித்தான். "கேட்டனான்..."

"கார்க்கார அண்ணை, நீங்கள்?"

"கேட்டனான் பிள்ளை" என்று கதிரவேலு தலையைச் சொறிந்தார். "ஆனால் அது தமக்கைக்கல்லோ சொன்னவர்?"

"ஓம் எண்டால் ஓம்தான். என்ரை அப்பு சொன்ன மூண்டு ஓமையும் ஆருக்குச் சொன்னது, எதுக்குச் சொன்னது எண்டு ஆர் விசாரிச்சவை?" அவள் மொறிஸ் மைனரின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ரீச்சர் உட்கார்ந்து வந்த அதே இடம். "எடுங்கோ காரை. சாமி பூசைக்குப் போகமுந்திப் பிடிக்கவேணும். இரண்டு சாட்சியும் ஏறுங்கோ."

லியோன் ஒரு காலைக் காருக்குள் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"பொழுதுபட விளக்கு ஏத்தவேணுமே, பிள்ளை?"

"மேலை பெரிய காவலாளியின்ரை பிள்ளையள் இரண்டு பேர் இருக்கினம்தானே" என்றாள் பெர்னடெட். "ஏத்தட்டும்."